மழலையர் சோற்றில் ஒரு சிட்டிகை

மலராசிரியர் இவ் யூபிலி மலருக்கு ஓர் இலக்கியக் கட்டுரை எழுதித் தருமாறு என்னைப் பணித்தபொழுது, பிள்ளைத்தமிழ் பற்றி எழுதலாம் என்றே எண்ணியிருந்தேன். தமிழ்ப் புலவர் பிள்ளையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் வகுத்தவர். மூன்றாந் திங்களிற் காப்பு, ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஏழிற் தால், ஒன்பதிற் சப்பாணி என இருபத்தோராந் திங்கள்வரை பத்துப் பருவங்கள் அவர் கண்டவை. ஆனால் எழுத அமர்ந்த வேளையில், பாட்டுடைப் பிள்ளையை விட்டு என் தங்கையின் பிள்ளையே கண்முன் வந்து நின்றது. ஆதலின் பிள்ளைத்தமிழை மற்றொரு மலருக்கு ஒதுக்கிவைத்து, பிள்ளையின் சோற்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். இது தமிழாசிரியனுக்கு உரிய பொருளா என்று வினவும் அன்பர், கட்டுரையை ஈற்றுவரை படித்தபின் தீர்ப்புக் கூறுவாராக.

என் தங்கை கேகாலை மாவட்டத்திலே தெகியோவிற்றைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் வாழ்பவள். தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டம் அது. அவளும் அவள் கணவரும் விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போய்விடுவர். இறப்பர் மரம் குளிர்ந்த வேளையிலேதான் நன்கு பால் சொரியும். ஞாயிறு ஏற ஏற வெட்டுவாய் அடைந்துவிடும். ஆகவே அத்தொழிலாளர்க்கு வைகறை தம்முடையதன்று. பிள்ளை என் தாயாரின் பொறுப்பிலே லயத்தில் வளர்ந்தது.

பிள்ளைக்கு ஓராண்டு நிறைந்த திங்களில், குடும்ப சுகாதார உத்தியோகத்தர் அறுபது சிறு பொட்டலங்களைக் கொடுத்து, நாளொன்றுக்கு ஒன்றாக உணவிற் சேர்த்துக் கொடுக்கும்படி கூறியிருந்தார். அன்று கிளினிக்குக்குப் போனவள் தங்கை. மறுநாள் பொட்டலத்தைக் கையில் எடுத்தவர் தாயார். ஐயம் தோன்றவே தொலைபேசியில் என்னை அழைத்தார். "தம்பி, புள்ளைக்கு ஏதோ தூள் குடுத்திருக்காங்க. எப்புடிக் குடுக்கிறது?" என்றார். யானோ வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் இருந்தேன். "சோத்தோட சேர்த்துக் குடுங்க அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தாயார் சொன்னபடியே செய்தார். உப்பைச் சேர்ப்பதுபோல, கொதிக்கும் சோற்றுப் பானையிலே பொட்டலத்தைக் கொட்டினார். அந்தப் பானைச் சோற்றைத் தாயாரும் பிள்ளையும், பகலில் வேலை முடிந்து வந்த தங்கையும் பகிர்ந்து உண்டனர். சோறு கறுத்தது, இரும்பு வாடை வீசிற்று, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாறு நாள் போராடிவிட்டு, பழுதான தூள் என்று கருதி மிகுதியைப் பரண்மேல் வைத்துவிட்டார்.

தைப்பொங்கல் விடுமுறைக்கு யான் சென்றபொழுது, பிள்ளையின் கீழிமையைச் சற்றே இழுத்துப் பார்த்தேன். உட்புறம் செந்நிறமாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. மறுநாள் கிளினிக்கில் நடந்ததைக் கேட்ட உத்தியோகத்தர், "பானையில் போடும்படி யார் உங்களுக்குச் சொன்னது?" என்றார். தாயார் ஒன்றும் பேசவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், அவ்வளவே. இருபது ஆண்டுகளாகச் சொற்பொருள் வேறுபாடு கற்பிப்பவன் யான். சேர்த்தல் வேறு, கலத்தல் வேறு, தூவுதல் வேறு என்று கரும்பலகையில் எழுதியவன். அடுப்படியிலே 'சேர்' என்றால் பானையில் இடு என்பதே பொருள் என்பதை அன்றுதான் கற்றேன். யான் சொல்லியிருக்க வேண்டிய சொல் 'தூவு' என்பது.

நிற்க. அந்தத் தூளின் இயல்பை அறிந்தால் இச்சொல் ஏன் இத்துணை முக்கியமாயிற்று என்பது விளங்கும்.

குழந்தைகளின் இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்துப் பாணியே முன்பு கொடுக்கப்பட்டு வந்தது. அதன் சுவை கடுமையானது. பல்லிற் கறை படியும். கரண்டி அளவு கூடிக் குறையும். பாதிப் போத்தலோடு தாய்மார் சலித்துவிடுவர். இத்தொல்லையைக் கண்ட கனடா நாட்டு மருத்துவர் ஸ்ரான்லி சுலொட்கின் என்பார், ரொறன்ரோ நகரின் சிறுவர் மருத்துவமனையில் 1990களின் பிற்பகுதியில் வேறொரு வழி கண்டார். இரும்புத் துகள் ஒவ்வொன்றையும் மிக மெல்லிய கொழுப்புப் படலத்தாற் போர்த்தி, பிற சத்துகளோடு கலந்து, ஒரு நாளைக்கு ஒன்றாகச் சிறு பொட்டலத்தில் அடைத்தார். வீட்டில் ஆக்கிய எந்த உணவின்மேலும் அதனைத் தூவலாம். போர்வை இருக்கும்வரை நாவுக்கு இரும்பு தெரியாது. உணவின் நிறமும் மாறாது. சூடு மிகுந்தாற் போர்வை உருகிவிடும். இரும்பு வெளிப்பட்டு உணவு கறுக்கும், வாடையும் வீசும். என் தாயாரின் பானையில் நிகழ்ந்தது இதுவே. தூளிற் பழுதில்லை, பழுது என் சொல்லிலே.

பெருவழக்கான பொட்டலமொன்று ஒரு கிராம் நிறையுள்ளது. அச்சிட்டிகைக்குள் பதினைந்து பொருள்கள் அடங்கியுள்ளன. விற்றமின்களில் ஏ, டி, ஈ, சீ என்பனவும், பீ வகையைச் சேர்ந்த ஆறும். கனியுப்புகளில் இரும்பு, நாகம், செப்பு, செலெனியம், அயடீன் என்பனவும். இரும்பு 10 மில்லிகிராம். நாகம் 4 மில்லிகிராமுக்குச் சற்றே கூட. செலெனியம் மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இலும் பின்னர் 2016இலும் இத்தகைய தூள்களைப் பற்றி வழிகாட்டி நூல்கள் வெளியிட்டது. நம் நாட்டுச் சுகாதாரத் துறை ஆறாந் திங்கள், பன்னிரண்டாந் திங்கள், பதினெட்டாந் திங்கள் என மூன்று முறை, முறைக்கு அறுபது பொட்டலம் என வகுத்தது. புலவர் காப்புப் பருவம் முதற் சிறுதேர்ப் பருவம்வரை கண்ட அதே இருபத்தொரு திங்களுக்குள் மருத்துவர் கணக்கும் அடங்குதல் காண்க.

ஏன் ஆறாந் திங்கள்? கருவிலிருந்தபொழுது தாயிடம் பெற்ற இரும்பை ஈரலிற் சேமித்துக்கொண்டு பிறக்கிறது பிள்ளை. அச்சேமிப்பு ஏறத்தாழ ஆறு திங்களிற் செலவாகிவிடும். தாய்ப்பாலுக்கு நிகரான உணவு வேறில்லையாயினும், அதிலுள்ள இரும்பு மிகச் சிறிது. பிள்ளையின் குடலோ சிறியது. அரைக் கோப்பைச் சோற்றில் அதற்கு வேண்டிய இரும்பு முழுவதையும் அடக்குவது செல்வர் வீட்டிலும் அரிது. மூளை விரைந்து வளரும் காலமும் அதுவே. அக்காலத்து இரும்புக் குறைவு பிள்ளையின் கற்கும் ஆற்றலைத் தாக்கும் என்பதும், பின்னாளில் இரும்பு கொடுத்தாலும் அத்தாக்கம் முற்றும் நீங்காமலிருக்கக்கூடும் என்பதும் ஆராய்ச்சியாளர் கருத்து. முதலாம் வகுப்பில் எழுத்தைக் கூட்டி வாசிக்க மாட்டாமற் கடைசி வாங்கிற் சாய்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று யானும் கடிந்ததுண்டு. இப்பொழுது கடியுமுன் அவன் இமையைப் பார்க்கிறேன்.

சப்பிரகமுவ மண்ணுக்கு இவ்வகை முயற்சி புதிதன்று. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபொழுது, நுளம்பு பெருகி, மலேரியாக் காய்ச்சல் பெருங் கொள்ளைநோயாக எழுந்தது. கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்குண்டது. 1935 முடிவதற்குள் நாடெங்கும் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்கள் மாண்டன. கொயினாவோடு ஊர்களுக்குட் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர், மக்களைக் கொல்வது காய்ச்சல் மாத்திரமன்று, பசியும் என்பதைக் கண்டனர். அவர்கள் பருப்புக் கொடுத்தனர். ஊட்டக் குறைவைப் போக்க மார்மைற் என்னும் நொதியச் சாற்றையும் கொடுத்தனர். அவ்விளைஞருள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா அவர்களுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பெயரே வழங்கலாயிற்று. 1936இல் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது தெகியோவிற்றைக்கு அண்மையிலுள்ள உருவன்வெல்லைத் தொகுதியே.

மார்மைற்றை ஏன் கொடுத்தனர் எனின், அதற்குச் சிறிது முன்னர்தான் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி, பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களின் இரத்தச்சோகையை அதனால் தணித்துக் காட்டியிருந்தார். அந்தச் சாற்றில் மறைந்திருந்த பொருள் யாது என்பது அப்பொழுது தெரியாது. பின்னர் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இன்று தெகியோவிற்றைப் பிள்ளையின் சோற்றில் விழும் சிட்டிகையின் பதினைந்து பொருள்களுள் அதுவும் ஒன்று.

கழுத்துக்கழலையும் இவ்வட்டாரத்துக்குப் பழகிய நோய். மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் உட்பட, அயடீன் குறைவினால் அது வழிவழியாக நிலவியது. மண்ணுக்குள் மாணிக்கம் உடைய இரத்தினபுரிக்கு, ஒரு மயிரிழை அயடீனுக்குப் பஞ்சம்! 1995இல் உணவு உப்புக்கெல்லாம் அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. இதில் தாய்மார் செய்ய வேண்டுவது சிறிதே. உப்பை அடுப்பருகே திறந்த சிரட்டையில் வையாது மூடிய போத்தலில் வைத்தலும், கறி இறக்கும் வேளையில் இடுதலும் போதும்.

தோட்டத்துப் பிள்ளைகளின் நிலைக்கு ஓர் அளவுகோல் கூறுகிறேன். 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர். தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். இந்த வேறுபாட்டுக்குத் தூள் ஒன்றே மருந்தென்று யான் கூறேன். கூலி, குடியிருப்பு, குடிநீர், தாயின் உடல்நலம் எல்லாம் அதில் அடங்கும். வயிற்றில் கொக்கிப்புழு இருப்பின் கொடுத்த இரும்பை அது குடித்துக்கொண்டேயிருக்கும். 1916இலேயே அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தார் நம் நாட்டுத் தோட்டங்களில் அப்புழுவை ஒழிக்க முற்பட்டனர் என்றால், அது எத்துணைப் பழைய பகை என்பது தெளிவு. எனினும் பெரியவற்றுக்கெல்லாம் பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் லயத்துத் தாய்க்கு, தன் கைக்குள்ளேயே அடங்கும் செயல் ஒன்று உண்டு. அதனைக் கெடுப்பது எது என்பதை இனிக் கூறவேண்டும். கூறுதற்குக் கூச்சமாகவே இருக்கிறது. நம் வயிற்றைக் கழுவுவதே அதனால்தான்.

அது தேயிலை. காலையிலே கோதுமை ரொட்டியும் சம்பலும், கூடவே ஒரு கோப்பைச் சாயத்தண்ணியும் நம் பெற்றோர் வளர்ந்த உணவு. நாம் வளர்ந்ததும் அதுவே. ரொட்டியைச் சாயத்தண்ணியில் தோய்த்துப் பல் முளைக்கும் பிள்ளைக்கு ஊட்டுவது லயங்களில் அன்றாடக் காட்சி. தேநீரிலுள்ள துவர்ப்பு, இலைகறியிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது தடுத்துவிடும். உணவோடு தேநீர் பருகினால் உடலிற் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே குறையக்கூடும். பரணிலிருந்த தூளை எடுத்து, ஆறிய சோற்றில் முறையாகத் தூவி ஊட்டிவிட்டு, விக்கலுக்கு இரண்டு மிடறு சாயத்தண்ணி கொடுத்தால், ஒரு கையால் இட்டதை மறு கையால் எடுத்தவாறாகும். பிள்ளைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். பாலூட்டும் தாய்க்குங்கூட உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருத்தல் நன்று. நாம் கொழுந்து பறித்து உலகுக்கு அனுப்புவோம். நம் பிள்ளைக்குச் சுடவைத்து ஆறிய வெந்நீர் போதும்.

தேயிலை தடுப்பதைத் தேசிக்காய் திறந்துவிடும். புளிப்புச் சத்தாகிய விற்றமின் சீ உடனிருந்தால் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். கீரையை இறக்கியபின் இரண்டு துளி தேசிச்சாறு பிழிதல் நம் பாட்டிமார் சுவைக்காகச் செய்தது. அறிவியலும் அதனை ஒப்புகிறது. சோற்றுக்குப் பின் கொய்யாப்பழக் கூழோ பப்பாசித் துண்டோ கொடுப்பதும் அத்தகையதே. லயத்து வேலியோரம் முருங்கையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் காசின்றிக் கிடைக்கின்றன. வட்டக்காயிலும் பப்பாசியிலும் விற்றமின் ஏ ஆகமாறும் பொருளுண்டு. ஒரு துளி தேங்காய்ப்பால் அல்லது எண்ணெய் சேர்ந்தாலே அது உடலில் ஏறும். கிழமைக்கு இரண்டு முட்டை, தலையோடு இடித்த நெத்தலிக் கருவாட்டுத் தூள், மசித்த பருப்பு இவை தூளுக்கு முந்தியவை. தூள் இவற்றின் மேல் இடுவது. இவற்றுக்குப் பதிலாக இடுவதன்று. வெறும் அரிசிக் கஞ்சியில் தூளைத் தூவிவிட்டு, எல்லாச் சத்தும் சேர்ந்துவிட்டது என்று தாய் ஆறுதலடைவாளாயின் அவ்வாறுதல் பிழையாகும். அத்தூளிற் பசியடக்கும் பொருளோ தசை வளர்க்கும் புரதமோ இல்லை.

திரிபோஷா வேறு. 1973இல் தொடங்கிய அத்திட்டத்தின் மா, சோளமும் சோயாவும் வறுத்தரைத்து, விற்றமினும் கனியுப்பும் கூட்டியது, அது உணவே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே நல்ல சோளம் கிடையாமையால் சிறுபிள்ளைகளுக்கான மா தடைப்பட்டபொழுது, தோட்டங்களில் அதன் அருமை தெரிந்தது. ஆயினும் என் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் உருண்டை பிடித்த திரிபோஷாவை உண்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். "யாருடையது?" என்றால், "தம்பியோடது சேர், அம்மா எல்லாருக்கும் பிரிச்சிக் குடுத்தாங்க" என்பார்கள். பசித்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு மாத்திரம் கொடு என்று தாய்க்கு யார் சொல்வது? அவளைக் குறைகூற என் நா எழவில்லை. பொட்டலத் தூளின் சிறப்பு அந்த இடத்திலேதான். அது பங்கிட முடியாதபடி சிறிது. அண்ணனுக்கு அதில் இனிப்புமில்லை, ஆசையுமில்லை. பானையிற் கொட்டி அந்தச் சிறப்பையும் அழித்தவன் யான்.

செய்முறையை இனிச் சுருங்கச் சொல்வேன். பிள்ளைக்குரிய சோற்றைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கட்டியில்லாமல் மசித்தல் வேண்டும். கையில் வைத்துப் பார்த்தாற் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, பிள்ளை முதலில் உண்டு தீர்க்கக்கூடிய இரண்டு மூன்று கவளத்தை ஒருபுறமாக ஒதுக்கி, ஒரு பொட்டலம் முழுவதையும் அதன்மேல் தூவிப் பிசைந்து முதலிலே ஊட்டுக. பிசைந்தபின் அரைமணி நேரத்துக்குள் ஊட்டி முடித்தல் நன்று. தங்கினால் நிறம் மாறும். பால், தண்ணீர் முதலிய நீர்ப்பொருளில் இடலாகாது. துகள் மிதந்து கோப்பையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாக இடவேண்டா. மலம் கறுத்தல் இயல்பு. இரும்பின் மிகுதி கழிவதே அது. சில பிள்ளைகளுக்கு முதற் சில நாள் வயிறு இளகும் அல்லது இறுகும். பெரும்பாலும் தானே சரியாகும், நீடித்தால் கிளினிக்கிற் கூறுக. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோயுள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் இரும்பு கொடுத்தல் தீங்கு. மலேரியா நிலவும் நாடுகளில் இரும்பு கொடுப்பதற்குத் தனி எச்சரிக்கை உண்டு. 1935இல் அத்துணை உயிரைப் பலிகொடுத்த நம் நாடு 2016இல் மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றமையால், அவ்வச்சம் இங்கில்லை. பொட்டலங்களைப் பிள்ளை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். இதில் மட்டும் என் தாயாரின் பரண் சரியான இடமே.

பதினெட்டாந் திங்களில் மூன்றாம் அறுபது பொட்டலம் கிடைத்தது. இம்முறை தங்கை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அறுபது நாளும் தாயார் நாட்காட்டியிற் கோடிட்டுக் கோடிட்டுக் கொடுத்து முடித்தார். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு மெல்ல மேலேறியிருந்தது. உயரக்கோடு இன்னும் ஏறவேண்டியிருக்கிறது. சென்ற முறை யான் போயிருந்தபொழுது, பக்கத்துக் காம்பராப் பெண் கைக்குழந்தையோடு வந்து, பொட்டலமொன்றைக் காட்டித் தாயாரிடம் வழி கேட்டாள். யான் விளக்க வாயெடுத்தேன். தாயார் கையமர்த்தி அவளிடம் சொன்னார்: "சட்டியில போட்றாத புள்ள, ஆறுன சோத்துல தூவு. வேற ஏதும் கேக்கணும்னா மிட்வைப் அம்மாகிட்ட கேளு. வாத்தியார்கிட்ட கேக்காத."